இசைத்தொகுப்பை எந்த வடிவில் வாங்குவது?

ஒரே தொகுப்பு இசைத்தட்டாகவும் குறுந்தகடாகவும் எம்பி3 கோப்பாகவும் கிடைக்கும்போது, ஒருமுறை மட்டுமே செலவிட விரும்பும் இரசிகருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது குறுந்தகட்டைத்தான். 1982 முதல் விற்பனையில் உள்ள இவ்வடிவம் ஒலியை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில் சுருக்காமல் வைத்திருப்பதால், கணினியில் ஃபிளாக் கோப்பாகப் படியெடுத்தால், தரம் சிறிதும் குறையாமல் ஏறக்குறையப் பாதி இடத்திலேயே அதைச் சேமித்துவிடலாம். கைப்பேசிக்கான எம்பி3 கோப்பையும் அதிலிருந்தே எப்போது வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம். எம்பி3 மட்டும் வாங்கியவருக்கு இவ்வழி இல்லை. சுருக்கத்தின்போது கழிக்கப்பட்ட ஒலித்தகவலை எந்த மென்பொருளாலும் அப்படியே மீட்க முடியாது.

இசைத்தட்டின் பெரிய அட்டைப்படமும், பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம் பொறுமையாக அமர்ந்து கேட்கும் அனுபவமும் உண்மையிலேயே இன்பமானவை. எனினும் நல்ல ஊசியும் தொடர்ந்த பராமரிப்பும் தேவைப்படுவதால், உயிராக நேசிக்கும் சில தொகுப்புகளுக்கு மட்டும் அதை வாங்குங்கள்.

எவ்வடிவமானாலும், அது எந்த ஆண்டின் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீரமைக்கும் பணி) என்பதைக் கவனியுங்கள். ஒலியளவை மிகையாக உயர்த்திய மறுபதிப்பில் மெல்லிய இடங்களுக்கும் உரத்த இடங்களுக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும் என்பதால், பல நேரங்களில் பழைய பதிப்பே காதுக்கு இதமாக இருக்கும். படியெடுத்த கோப்புகளின் நகலொன்றை வேறொரு வன்தட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.