ட்ரைபாட் பிளேட்டும் கேமரா திருகும்

ட்ரைபாட் பிளேட் என்பது கேமராவின் அடியில் திருகி, ட்ரைபாட்டின் தலையில் மாட்டும் சிறு தகடு. அந்தத் திருகுக்காகக் கேமராவின் அடியில் இருக்கும் துளை கால் இன்ச். பட்டறைக் கணக்கில் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது 1/8 இன்ச்), ஒரு இன்ச்சுக்கு 20 மரை, அதாவது திருகின் சுற்று வரி. ட்ரைபாட் காலும் தலையும் சேரும் இடத்தில் பெரும்பாலும் மூன்று நூல் திருகு வரும், அதில் 16 மரை.

ஒருமுறை கல்யாண வேலைக்குக் கிளம்பும்போது பிளேட் திருகு தொலைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் 6 மி.மீ. போல்ட் வாங்கி மாட்டினேன். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அதன் மரை இடைவெளி 1 மி.மீ.; கேமராவுக்கு வேண்டியது 1.27. இரண்டு சுற்றுக்குப் பிறகு இறுகியது, நான் அழுத்தித் திருகினேன், துளையின் மரை போனது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பையில் சரியான திருகு இரண்டு கூடுதலாக வைத்திருங்கள்.

நீளத்தையும் பாருங்கள். பிளேட்டுக்கு மேலே 4.5 மி.மீ. அளவுக்கு நீட்டினால் போதும். நீளமான திருகு துளையின் அடியில் முட்டும், பிளேட் ஆடிக்கொண்டே இருக்கும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஆர்க்கா-ஸ்விஸ் வகை பிளேட்டைத்தான் சொல்வேன். சுமார் 38 மி.மீ. அகலம், சரிந்த ஓரங்கள், பல நிறுவனங்களின் தலைகளில் பொருந்தும். மான்ஃப்ரோட்டோ நிறுவனத்தின் ஆர்.சி.2 பிளேட் அந்தத் தலைகளில் உட்காராது.

திருகை நாணயத்தாலோ ஆலன் சாவியாலோ இறுக்குங்கள். அப்புறம் பிளேட்டைத் தலையில் வைத்து, அதைப் பிடிக்கும் கிளாம்ப்பைப் பூட்டி, கேமராவைப் பிடித்தபடியே மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் மட்டும் கையை எடுங்கள்.