திருகோணமலையின் குளக்கட்டுகளிலும் களப்போரங்களிலும் பறவை பார்த்து நடப்பது எப்படி?

கந்தளாய்க் குளக்கட்டு, தம்பலகாமத்து வயல்வெளி, குச்சவெளிக்கு அப்பால் கொக்கிளாய் வரை விட்டுவிட்டுத் தொடரும் களப்புகள் எனப்படும் கடலோர உவர்நீர்ப் பரப்புகள் ஆகிய எவற்றிலும் ஏறி இறங்குவதற்கு மேடு என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. அதனால் இங்கே நடப்பது எளிது என்று முதன்முறை வருபவர்கள் எண்ணுகிறார்கள். கால்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் சமதரையில், நீங்கள் பறவையைக் காண்பதற்கு வெகு முன்னரே பறவை உங்களைக் கண்டுவிடுகிறது. ஒதுங்கி நிற்க மரம் இல்லை. வெயில் கண்ணில் குத்துகிறது. நெடுநேரம் நடந்தும், எழுந்து பறந்துபோன கரிய உருவங்களை மட்டும் கண்டு பலர் திரும்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பாதையின்படி நடக்காமல், வெயிலையும் நீர்மட்டத்தையும் கொண்டு நடையை வகுத்துக்கொண்டால் இந்தக் குறை பெருமளவுக்குத் தீரும்.

முதலாம் படி: மாதத்தைத் தெரிவு செய்தல்

வலசைப் பறவைகள் ஓகஸ்ட் இறுதியிலிருந்து வரத் தொடங்கி, ஏப்ரலில் பெரும்பாலும் திரும்பிவிடுகின்றன. இந்த இடைவெளியில் எல்லா மாதங்களும் ஒன்றல்ல. நமது மாவட்டத்துக்குப் பெருமழை வாடைக்காற்றோடு, ஒக்ரோபர் முதல் ஜனவரி வரைக்குமான காலத்தில் கிடைக்கிறது. டிசம்பர் விடுமுறையில் குளம் விளிம்பு வரை நிரம்பியிருக்கும்போது சேற்று ஓரமே இல்லாமல் போவதால், நின்று இரை தேடும் பறவைகளுக்குக் கால் ஊன்ற இடம் இருப்பதில்லை. அவை வயல்களுக்கும் சிறு மடுக்களுக்கும் சிதறிப் போய்விடுகின்றன. பெப்ரவரியிலிருந்து நீர் வற்ற வற்ற ஈரச் சேற்றின் பட்டை நாளுக்கு நாள் அகன்று, சிதறியவை மீண்டும் ஓரிடத்தில் கூடுகின்றன. புதியவர்களுக்குப் பெப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையான காலத்தையே பரிந்துரைக்கிறேன். அதற்கு முன்னரே நடக்க விரும்பினால், மழைக்கால நெற்செய்கையான பெரும்போகத்துக்காகத் தம்பலகாமத்தில் வயலை உழுது சேறாக்கும் நாட்களில் செல்லுங்கள். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள் அவை. உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் சேற்றைக் கிளறிக்கொண்டு வருவதை வரம்பில் நின்றபடியே பார்க்கலாம்.

மே மாதத்துக்குப் பின், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்துவிடும். கண்ணில் மண்ணை வாரி இறைக்கும் அந்தக் காற்றில் தொலைநோக்கியை அசையாமல் பிடிப்பது பெரும்பாடு.

இரண்டாம் படி: எடுத்துச் செல்ல வேண்டியவை

தொலைநோக்கியில் 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் முகப்பு வில்லையும் உள்ளதை வாங்குங்கள். 10 மடங்கு உள்ளது பறவையை அருகில் காட்டும் என்பது சரியே. ஆயினும், கையின் நடுக்கத்தையும் வெயில் ஏறியபின் நிலத்திலிருந்து எழும் கானலையும் அது சேர்த்தே பெருக்கிக் காட்டும். முக்காலி இல்லாமல் நடப்பவருக்கு 8 மடங்கே போதுமானது, நல்லதும்கூட.

குறிப்பெடுக்கச் சிறு கொப்பியும் பென்சிலும் எனக்குக் கைபேசியைவிட மேலானவை. வெட்டவெளி வெயிலில் கைபேசித் திரை தெரிவதேயில்லை. பறவையை இனங்காண உதவும் மேர்லின் செயலியை விரும்புபவர்கள், இலங்கைக்கான தொகுதியை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். தலைக்கு அகன்ற தொப்பி, காலுக்குக் கணுக்காலை மூடும் சப்பாத்து, கைக்கு நெஞ்சளவு உயரமான ஒரு தடி, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், அடையாள அட்டை. வெள்ளைச் சட்டையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வெயிலை முதுகில் வாங்குதல்

காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், நீர் உங்களுக்கு மேற்கே இருக்க வேண்டும். எதிர்ப்புறத்தில் நின்றால் நத்தைகுத்தி நாரையும் கரிய நிழல், சங்குவளை நாரையும் கரிய நிழல். நிறம், அலகு, கால் எதுவும் பிரித்தறிய முடியாது. கட்டின் எந்தப் பகுதியில் நடப்பது என்பதை, பஸ் எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யாமல் இதைக் கொண்டே முடிவு செய்யுங்கள். ஓட்டோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் சரியான பக்கத்தில் இறங்குவது மதிப்புடையது. விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்கு முடித்துவிடுங்கள். அதற்குப் பின் கானல் எழுந்து, தொலைவில் உள்ள ஒவ்வொரு பறவையும் நீரில் கரைவதுபோலத் தெரியும்.

நான்காம் படி: நெருங்குதல்

எனக்கு நெடுங்காலம் பிடிபடாமல் இருந்த படி இது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். குளக்கட்டின் உச்சியில் நடப்பவர் வானத்தின் பின்னணியில் முழு உருவமாகத் தெரிகிறார். ஆகவே உச்சியில் நடக்காமல், நீருக்கு மறுபுறச் சரிவில், தலை மட்டும் மேலே தெரியும் அளவுக்கு இறங்கி நடந்து, நிற்க நினைத்த இடத்தில் மெதுவாக ஏறி அமருங்கள். கட்டு இல்லாத களப்போரத்தில் பறவைக் கூட்டத்தை நோக்கி நேராகச் செல்லாமல், அதைக் கடந்து வேறெங்கோ போகிறவரைப்போலச் சாய்வாக நடந்து, சிறிது சிறிதாக இடைவெளியைக் குறைக்க வேண்டும். இரை தேடிக்கொண்டிருந்த பறவைகள் தலையை நிமிர்த்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். அவை மீண்டும் குனிந்த பின்னரே அடுத்த அடி. இரண்டாம் முறையும் நிமிர்ந்தால், அதற்கு மேல் நெருங்கக்கூடாது, அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.

உட்கார்ந்திருப்பதே நடையின் பெரும்பகுதி என்று கொள்ளுங்கள். கால் மணி நேரம் அசையாதிருந்தால் பறவைகள் தாமாகவே உங்கள் பக்கம் மேய்ந்து வரும். ஆள்காட்டிப் பறவை கத்தத் தொடங்கிவிட்டால் அந்த வெளி முழுவதும் எச்சரிக்கையாகிவிடும்; அது அடங்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடங்காமல் உங்கள் தலைக்கு மேலேயே சுற்றினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். கூழாங்கல்லைப்போன்ற முட்டைகளை அது வெறுந்தரையில்தான் இடும். ஆகையால் காலடியைப் பார்த்துக்கொண்டு வந்த வழியே பின்வாங்குங்கள்.

ஐந்தாம் படி: ஆழத்தைக் கொண்டு பறவையை அறிதல்

நிறத்தைக் கொண்டு தொடங்கினால் புதியவர் குழம்பிவிடுவார். பறவை நிற்கும் நீரின் ஆழத்தை முதலில் பாருங்கள். உலர்ந்த கரையில் ஆள்காட்டி. ஈரச் சேற்றில் ஓடியோடிக் கொத்துபவை சிறு உள்ளான்கள். ஓரிரு விரற்கடை நீரில் மெலிந்த சிவந்த கால்களோடு நிற்பது பவளக்கால் உள்ளான். அதற்கும் ஆழத்தில் கொக்குகள், நாரைகள், அலகைப் பக்கவாட்டில் அசைத்து நீரை அளையும் கரண்டிவாயன்கள். தாமரை இலைகளின்மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடப்பது இலைக்கோழி. கால் எட்டாத நீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும். இரையும் காலின் நீளமும் சேர்ந்தே இந்த ஒழுங்கை உண்டாக்குகின்றன. நீளவால் இலைக்கோழியில் முட்டைகளை அடைகாத்துக் குஞ்சுகளைக் காப்பது ஆண் பறவை. தாமரைக்குளத்தின் ஓரத்தில் ஒரு காலை முழுவதும் இருந்து பார்க்கத்தக்க வாழ்க்கை அது.

ஆறாம் படி: காலடியும் விலங்குகளும்

களப்போரத்தில் உப்புப் பூத்து வெண்மையாகக் காய்ந்திருக்கும் தரை உறுதியானதுபோலத் தோன்றும். அந்த மெல்லிய ஓட்டின் கீழே முழங்கால் அளவு சேறு இருக்கலாம். மாட்டுக் குளம்படிகள் ஆழமின்றிப் பதிந்திருக்கும் இடத்தில் நடங்கள். அவை ஆழப் புதைந்திருந்தால் திரும்பிவிடுங்கள். தடியை ஊன்றிப் பார்த்த பின்னரே உடல் எடையை முன்னே வைக்க வேண்டும். கால் புதைந்தால் மேல்நோக்கி இழுக்காமல், பின்னால் சாய்ந்து அமர்ந்து, காலை மெல்ல அசைத்துத் தளர்த்தி எடுங்கள்.

குளங்களில் முதலை உண்டு. கழிமுகங்களிலும் கண்டல் ஓரங்களிலும் அதைவிடப் பெரிய உவர்நீர் முதலையும் வாழ்கிறது. நீர் விளிம்பிலிருந்து ஐந்து மீற்றராவது விலகி நடப்பதும், கை கழுவக்கூடக் குனியாதிருப்பதும் கட்டாயம். யானைகள் அதிகாலையிலும் மாலையிலும் நீருக்கு வரும், வயலில் நிற்கும் விவசாயியிடம் "ஐயா, இரவு யானை வந்ததா?" என்று கேட்டுவிட்டே கட்டில் ஏறுங்கள். ஈரம் காயாத யானை இலத்தியைக் கண்டால் அன்றைய நடையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கந்தளாயில் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1986 ஏப்ரலில் அந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டைக் காக்க அதன் உட்சரிவில் பதித்த கற்களைப் பெயர்த்து இருக்கையாக்குவதை அவ்வூர் மக்கள் பொறுக்கமாட்டார்கள். அவர்கள் பொறுக்காதிருப்பது முற்றிலும் நியாயமானது.

வாசகர்களின் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

கந்தளாயில் பூநாரை கண்டதாகச் சிலர் படம் அனுப்பியிருந்தார்கள். அவற்றில் இருந்தது சங்குவளை நாரை. அதன் வாலருகே உள்ள சிறகுகளின் இளஞ்சிவப்பு நிறம் தொலைவில் அந்த மயக்கத்தைத் தருகிறது. பூநாரை ஆழமற்ற உவர் களப்புகளின் பறவை. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடித்து உண்ணும். அதைத் தேடுபவர்கள் புல்மோட்டை வழியாகக் கொக்கிளாய்க் களப்புப் பக்கம் செல்வதே பொருத்தம். அக்களப்பு 1951 இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதால் அங்குள்ள விதிகளை மதித்து நடக்க வேண்டும்.

துறைமுகத்தைச் சுற்றிய நீர்நிலைகளில் நடக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கடற்படை முகாம்களின் அருகே தொலைநோக்கியையும் கமெராவையும் வெளியே எடுக்காதீர்கள். காவலில் நிற்பவரிடம் முதலில் சென்று, பறவை பார்க்க வந்திருப்பதைச் சொல்லி அனுமதி கேளுங்கள். மறுத்தால் விவாதிக்காமல் திரும்பிவிடுங்கள்.

மாடு மேயும் தரவைகளில் உண்ணி ஏறுவதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். வீடு திரும்பியதும் உடைகளைக் கொதிநீரில் இட்டு, முழங்காலின் பின்புறத்தையும் இடுப்பையும் பார்த்துவிடுங்கள். கடித்திருக்கும் உண்ணியைக் குறட்டால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும், தீக்குச்சியால் சுடக்கூடாது.