சப்ளையர்கிட்ட கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி உங்க பிஓவ (பர்ச்சேஸ் ஆர்டர) எடுத்து பாருங்க

பர்ச்சேஸ், சோர்சிங்ல இருக்குறவங்களுக்காக எழுதுறேன். சப்ளையர் ஃபேக்டரில தொழிலாளிங்கள ஒழுங்கா நடத்தணும்னதும் கோட் ஆஃப் கண்டக்ட்னு ஒரு நடத்தை விதிப் பட்டியல அனுப்பி கையெழுத்து வாங்கிடுறோம். அத அப்புறம் பாத்துக்கலாம், உங்க கடைசி பத்து பிஓவ மொதல்ல எடுங்க.

ஒவ்வொண்ணுலயும் மூணு தேதிய குறிச்சுக்குங்க. சாம்பிள் அப்ரூவ் பண்றேன்னு நாம சொன்ன தேதி, நெஜமா பண்ண தேதி, ஷிப்மென்ட் தேதி. 20,000 பீஸ் ஆர்டர், அவங்க லைன் ஒரு நாளைக்கு 800 பீஸ் ஓட்டும்னு வச்சுக்குங்க, 25 நாள் வேணும். நாம அப்ரூவல்ல 10 நாள் இழுத்துட்டு ஷிப்மென்ட் தேதிய மட்டும் அசைக்கலன்னா மிச்சம் 15 நாள், அதாவது தெனம் 1,333 பீஸ். அந்த கூடுதல் 533 பீஸ் ராத்திரி ஓவர்டைம்ல வரும், இல்லன்னா நமக்கு சொல்லாம சப்-காண்ட்ராக்ட்ல எங்கயோ போகும், அங்க யாரு தைக்கிறாங்க எத்தன மணி வரைக்கும் தைக்கிறாங்கன்னு நமக்கு தெரியவே தெரியாது. அதனால நாம எத்தன நாள் லேட்டோ அத்தன நாள் ஷிப்மென்ட்டும் தள்ளிப்போகும்னு காண்ட்ராக்ட்லயே எழுதிடுங்க.

வெலை பேசும்போது மெட்டீரியல் தனி, கூலி தனின்னு பிரிச்சு கேளுங்க, கூலில மட்டும் பேரம் பேசாதீங்க. அந்த நாட்டுல குறைந்தபட்ச கூலி ஏறுனா நம்ம வெலையும் ஏறணும். பேமென்ட்டும் சொன்ன தேதிக்கு போயிடணும், இல்லன்னா அந்த மாசம் சம்பளம்தான் தள்ளிப்போகும்.

இப்ப ஆடிட்டுக்கு வருவோம். சான்றிதழ் இருக்குன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. 2012 செப்டம்பர்ல கராச்சில அலி எண்டர்பிரைசஸ் ஃபேக்டரி தீயில 250 பேருக்கு மேல செத்தாங்க, சில வாரம் முன்னாடிதான் அதுக்கு எஸ்ஏ 8000னு, தொழிலாளிங்கள ஒழுங்கா நடத்துறாங்கன்னு சொல்ற சான்றிதழ் குடுத்திருந்தாங்க. அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர மட்டும் பாத்துட்டு வந்துடாம, தையல் மெஷின்ல உடைஞ்ச ஊசிக்கு கணக்கு வைக்கிற ரிஜிஸ்டரையும் பக்கத்துல வச்சு பாருங்க. நான் ஒரு எடத்துல பாத்தப்போ அட்டென்டன்ஸ்ல ஞாயித்துக்கெழமை எல்லாம் லீவு, ஊசி ரிஜிஸ்டர்ல அதே ஞாயித்துக்கெழமை நாலு ஊசி உடைஞ்சிருந்தது. ஆளே வராத நாள்ல ஊசி எப்படி உடையும்? தொழிலாளிங்ககிட்ட பேசணும்னா சூப்பர்வைசர் இல்லாம, அவங்க மொழில, முடிஞ்சா ஃபேக்டரிக்கு வெளிய பேசுங்க. எமர்ஜென்சி கதவ நீங்களே உங்க கையால தள்ளி தெறந்து பாருங்க, ஃபோட்டோவ நம்பாதீங்க.

தப்பு கண்டுபிடிச்ச ஒடனே ஆர்டர கட் பண்ணிடாதீங்க, வேலை போறது அந்த தொழிலாளிங்களுக்குத்தான். 2013 ஏப்ரல் 24 அன்னிக்கு வங்கதேசத்துல ராணா பிளாசாங்கிற கட்டடம் இடிஞ்சு 1,134 பேர் செத்தாங்க. மொத நாளே செவுத்துல விரிசல் தெரிஞ்சு கீழ இருந்த பேங்க்கும் கடைங்களும் மூடிட்டாங்க, மேல இருந்த கார்மென்ட் தொழிலாளிங்கள மட்டும் மறுநாள் வேலைக்கு வர வச்சாங்க, இத நெனச்சா இப்பவும் மனசு ஆற மாட்டேங்குது. அதுக்கப்புறம் ஃபேக்டரி பாதுகாப்புக்காக பிராண்டுகளும் யூனியன்களும் போட்ட அக்கார்டுங்கிற ஒப்பந்தம் கையெழுத்து போட்ட பிராண்டுகள சட்டப்படி கட்டுப்படுத்தும், ரிப்பேர் செலவுக்கு ஃபேக்டரிக்கு வழி இருக்குற மாதிரி பாத்துக்குறது பிராண்டோட பொறுப்புன்னு அதுல எழுதியிருக்கு. நீங்களும் அப்படியே பண்ணுங்க, எத எந்த தேதிக்குள்ள சரி பண்ணணும், செலவுல நம்ம பங்கு என்னன்னு சேந்து உக்காந்து எழுதுங்க. கொத்தடிமை, பூட்டுன கதவு மாதிரி விஷயத்துக்கு மட்டும் டைம் குடுக்கக்கூடாது, அது அன்னிக்கே நிக்கணும்.

கடைசியா சப்ளையர்கிட்ட கேளுங்க, "நாங்க பண்றதுல உங்களுக்கு எது ரொம்ப கஷ்டமா இருக்கு சார்?" மொத தடவ ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாரு, ஆர்டர் போயிடுமோன்னு பயம். அடுத்த சீசன்லயும் கேளுங்க. ஒரு சின்ன விஷயம் சொன்னாருன்னா அத அந்த ஆர்டர்லயே சரி பண்ணிக் காட்டுங்க, சப்-காண்ட்ராக்ட் எங்க போகுதுங்கிறத அதுக்கப்புறம்தான் வாய் தொறந்து சொல்வாரு.