எம்-ஒன்னோடு மேட்ரிக்ஸ் முடிந்துவிடுவதில்லை: கூடுதல் கணிதம் எடுக்கும் பொறியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஐடி பேராசிரியர்கள் ஆன்லைனில் பாடம் நடத்தும் என்பிடெல்லில் ஜூலை செமஸ்டருக்கான பதிவு தொடங்கினால் போதும், ஜூனியர்களிடமிருந்து எனக்குக் கூடுதல் கணிதப் பாடப் பட்டியல்கள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, இதுல எதை எடுக்கலாம்?" சிக்னல் ப்ராசஸிங் வேலையில் இருப்பவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். எங்கள் செட் அன்று தடுக்கி விழுந்த இடங்களிலேயே இவர்களும் விழுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அசைன்மென்ட் விடையை டெலிகிராமில் தேடுவது தவறு என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தவறு என்றே தெரியாமல் செய்கிறவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

"மேட்ரிக்ஸ்தான் எம்-ஒன்லயே முடிச்சாச்சே!"

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். போன வருஷம் மூன்றாம் ஆண்டு சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) படிக்கும் ஒரு தம்பி, மேட்ரிக்ஸ், வெக்டர்களின் கணிதமான லீனியர் அல்ஜீப்ராவைப் படிக்காமலே, சிறந்த தீர்வைக் கண்டுபிடிக்கும் கணிதமான ஆப்டிமைசேஷனில் நேராகச் சேர்ந்திருந்தான். காரணம் கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் மேலே இருப்பது. எம்-ஒன் என்பது முதல் செமஸ்டர் கணிதம்.

அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணிதத்தில் மேட்ரிக்ஸ் ஒரே ஒரு யூனிட். ஐகன் வேல்யூ, கேலி-ஹாமில்டன், குவாட்ராடிக் ஃபார்மை கனானிக்கல் வடிவத்துக்குக் கொண்டுவருவது. 16 மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் வெக்டர் ஸ்பேஸ், ப்ரொஜெக்‌ஷன், லீஸ்ட் ஸ்கொயர்ஸின் வடிவியல், சிங்குலர் வேல்யூ டீகாம்போசிஷன் எதுவும் அதில் கிடையாது. இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) மாணவர்களுக்கு மூன்றாவது செமஸ்டரில் லீனியர் அல்ஜீப்ரா ஓரளவு வருகிறது. சிஎஸ்இ-க்கு அந்த இடத்தில் இருப்பது டிஸ்க்ரீட் மேத்ஸ்.

அந்தத் தம்பியிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். (1, 2), (2, 3), (3, 5) என்று மூன்று புள்ளிகள். மூன்றுக்கும் மிக நெருக்கமாகப் போகும் நேர்கோடு எது? சூத்திரம் அவனுக்குத் தெரிந்திருந்தது. சாய்வு 1.5, வெட்டு (இன்டர்செப்ட்) 1/3 என்று சரியாகவே போட்டான். "சரி, ஏன் இந்தக் கோடு?" என்றேன். பதில் இல்லை.

மூன்று புள்ளிகளிலும் மிஞ்சும் பிழையை எழுதச் சொன்னேன்: 1/6, -1/3, 1/6. 6-ஆல் பெருக்கினால் (1, -2, 1). கோட்டின் வெட்டு மாறினால் மூன்று புள்ளியிலும் உயரம் (1, 1, 1) என்ற விகிதத்தில் மாறும்; சாய்வு மாறினால் (1, 2, 3) என்ற விகிதத்தில். பிழையை (1, 1, 1) உடன் டாட் ப்ராடக்ட் எடுத்தால் பூஜ்யம். (1, 2, 3) உடன் எடுத்தாலும் 1 - 4 + 3, பூஜ்யம். அதாவது, கோட்டால் எட்டக்கூடிய எல்லாவற்றுக்கும் பிழை செங்குத்தாக நிற்கிறது. இதற்குமேல் அதைக் குறைக்க வழியில்லை. ஒரு புள்ளியிலிருந்து தளத்துக்கு இருக்கும் மிகக் குறைந்த தூரம் செங்குத்துக்கோடுதானே, அதே விஷயம்தான். ரிக்ரெஷன், சேனல் எஸ்டிமேஷன், கால்மன் ஃபில்டர் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

இது புரியாமல் ஆப்டிமைசேஷனுக்குப் போனவனுக்கு மூன்றாம் வாரத்திலேயே மூச்சு முட்டிவிட்டது. நல் ஸ்பேஸ், பாசிட்டிவ் டெஃபினிட் என்று ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போக, இவன் வரிக்கு வரி நிறுத்தி கூகுளில் தேடிக்கொண்டிருந்தான். கடைசியில் தேர்வே எழுதவில்லை. ஒரு செமஸ்டர் உழைப்பு வீண். "எனக்கு மேத்ஸ் வராதுண்ணா" என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. எனக்குத் தாங்காதது அதுதான். நன்றாக வரக்கூடிய பையன், வரிசை மாறிப்போனதால் தன்னையே சந்தேகப்படுகிறான்.

எனவே, எந்தப் பிரிவாக இருந்தாலும், லீனியர் அல்ஜீப்ராவை முழுப் பாடமாக ஒருமுறை படித்துவிடுங்கள். காசு செலவழிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய வகுப்புகள் அதன் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

தலைப்பைப் பார்த்து எடுப்பது

"மெஷின் லேர்னிங்குக்கான கணிதம்" என்ற தலைப்பைப் பார்த்ததும் கை தானாகப் போகும். லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, கால்குலஸ், ஆப்டிமைசேஷன் என நான்கையும் பன்னிரண்டே வாரத்துக்குள் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் என்ன கிடைக்கும்? ஏற்கெனவே படித்தவர்களுக்கு அது நல்ல மீள்பார்வை, முதல்முறை படிப்பவர்களுக்குப் போதாது. பதிவு செய்வதற்கு முன் வாரவாரிப் பாடத்திட்டத்தைத் திறந்து, ஐந்தாம் வார வீடியோ ஒன்றைப் பத்து நிமிடம் பாருங்கள். பயன்படுத்தும் சொற்களில் பாதிக்குமேல் புதிதென்றால், அதற்கு முந்தைய பாடம் எதுவோ அதை எடுங்கள்.

மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் ஃபைனைட் எலிமென்ட் பக்கம் போவதாக இருந்தால் நியூமரிக்கல் மெத்தட்ஸும் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸும் ஆழமாக வேண்டும். இசிஇ-யில் கம்யூனிகேஷன் என்றால் ப்ராபபிலிட்டி. நண்பன் எடுத்தான் என்பதற்காக ரியல் அனாலிசிஸ் எடுக்காதீர்கள். நிரூபணம் எழுதும் பழக்கமும் நேரமும் இருந்தால் அது அருமையான பாடம்.

ஒரே செமஸ்டரில் மூன்று பாடம்

வேண்டாம். ஒன்று போதும்.

சான்றிதழுக்காகத் தெரிந்ததையே எடுப்பது

நேர்காணலில் இரண்டு கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

இறுதி ஆண்டுக்குத் தள்ளிப்போடுவது

"கேட் வருதுல்ல, அப்ப சேர்த்துப் படிச்சுக்கலாம்" என்பார்கள். எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வு பிப்ரவரியில். ஜூலையில் தொடங்கும் பாடத்துக்கான தேர்வு வரும் நேரத்தில் கல்லூரியில் ப்ளேஸ்மென்ட் ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் கணிதத்துக்கு 13 மதிப்பெண் அளவில்தான் வரும். ஆனால் 2024-இல் அறிமுகமான டேட்டா சயின்ஸ் தாளில் ப்ராபபிலிட்டியும் லீனியர் அல்ஜீப்ராவும் முதுகெலும்பு மாதிரி. ஐந்தாம் செமஸ்டருக்குள் லீனியர் அல்ஜீப்ரா, ஆறாவதில் ப்ராபபிலிட்டி என்று முடித்துக்கொண்டால், ஏழாவதில் பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்க்க மட்டும் நேரம் ஒதுக்கினால் போதும்.