யூ0126 தடுப்பானைச் செல்களில் பயன்படுத்துவது எப்படி?

1998இல் டூபாண்ட் நிறுவன ஆய்வாளர்கள் விவரித்த யூ0126, மெக்1, மெக்2 ஆகிய கைனேஸ்களைத் (பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதிகளை) தடுக்கும் சிறு மூலக்கூறு. பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி மூலக்கூறு அமரும் இடத்தில் போட்டியிடாமல் வேறிடத்தில் பிணைவதால், இது பல கைனேஸ் தடுப்பான்களைவிடத் தேர்ந்து செயல்படுகிறது. மெக் முடங்கினால், அது தூண்டும் அடுத்த கைனேஸான எர்க் புரதத்தில் பாஸ்பேட் ஏறாது. சோதனையில் நாம் பார்க்கப்போவதும் அதைத்தான்.

முதலில் மூலக்கரைசல். குப்பியின் மேலுள்ள மூலக்கூறு எடையைப் படிக்காமல் கணக்கிடாதீர்கள். தனிச் சேர்மத்தின் எடை 380.5, எத்தனால் சேர்ந்த வடிவத்தின் எடை 426.6. பத்து மில்லிமோலார் கரைசலுக்கு 5 மில்லிகிராம் தனிச் சேர்மத்தை 1.31 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானிலும், எத்தனால் வடிவத்தை 1.17 மில்லிலிட்டரிலும் கரைக்க வேண்டும். கரைசல் நெடுநாள் நிலைத்திருக்காது. ஆகவே சிறு பங்குகளாகப் பிரித்து, ஒளி படாமல், மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, உருக்கியதை மீண்டும் உறையவைக்காமல் விடுங்கள்.

அடுத்து, ஹீலா செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்களை) ஓரிரவு சீரம் இல்லாத ஊடகத்தில் வையுங்கள். இல்லையெனில் சீரத்தால் எர்க் முன்பே தூண்டப்பட்டிருக்கும், தூண்டலின் விளைவு தெரியாது. மறுநாள் வெதுவெதுப்பான ஊடகத்தில் தடுப்பானை ஆயிரத்தில் ஒரு பங்காகக் கலந்து, பத்து மைக்ரோமோலார் ஆக்கிய பிறகே தட்டில் ஊற்றுங்கள். மூலக்கரைசலைச் செல்களின் மேல் நேரடியாகச் சொட்டினால், அது ஓரிடத்தில் செறிந்து வீழ்படிவாகவும் கூடும்.

கட்டுப்பாட்டுத் தட்டுகளே இந்தச் சோதனையின் உயிர். தடுப்பானுடன் 0.1 சதவீத டிஎம்எஸ்ஓவும் செல்களுக்குள் போவதால், அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் இட்ட தட்டு கட்டாயம் வேண்டும். ஒப்பீட்டை வெறும் ஊடகத்தோடு நிறுத்திக்கொள்வது என் பார்வையில் வீண் உழைப்பு. வடிவில் நெருங்கியதும் மெக்கைத் தடுக்காததுமான யூ0124க்கு இன்னொரு தட்டு ஒதுக்குங்கள். எர்க்கைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான இஜிஎஃப் சேர்க்காத, அதாவது தூண்டாத தட்டு ஒன்றும் இருக்கட்டும்.

முப்பது நிமிடம் கழித்து, தூண்டாத தட்டைத் தவிர மற்றவற்றில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் இஜிஎஃப் சேர்த்து, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் தட்டுகளைப் பனிக்கட்டி மேல் வைத்து, பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் நொதிகளின் தடுப்பான்கள் கலந்த கரைசலால் செல்களை உடையுங்கள். புரதங்களை எடைப்படி பிரித்து எதிர்ப்பொருளால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் 44, 42 கிலோடால்டன் அருகே பாஸ்போ-எர்க் (பாஸ்பேட் ஏறிய எர்க்) பட்டைகள் டிஎம்எஸ்ஓ தட்டிலும் யூ0124 தட்டிலும் அடர்ந்தும், யூ0126 தட்டில் மங்கியோ மறைந்தோ தெரிய வேண்டும். மொத்த எர்க் எல்லாவற்றிலும் சமமாக இருக்க வேண்டும். பாஸ்போ-மெக்கை அளந்து தடுப்பு நடந்ததா என்று முடிவு செய்யாதீர்கள். அது குறைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

யூ0126 மெக்5 என்ற உறவுக் கைனேஸையும் தடுக்கக்கூடியது. எனவே செல்லின் நடத்தை மாறியதற்கு எர்க் மட்டுமே காரணம் என்று எழுதும் முன், வேறு வேதியமைப்புள்ள டிராமெட்டினிப் போன்ற மெக் தடுப்பானை நானோமோலார் அளவில் இட்டு, அதே மாற்றம் வருகிறதா என்று பாருங்கள்.