மணமுறிவு வழக்கில் குழந்தையின் பொறுப்பு: பெற்றோர் பிரித்துப் பார்க்க வேண்டியவை

மணமுறிவு வழக்கும், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே வழக்கறிஞர் மூலமாக நடந்தாலும், அவை இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுபவை. முதலாவதில், கணவன் மனைவி உறவு முடிய வேண்டுமா என்பது ஆராயப்படுகிறது. இரண்டாவதில், அந்த உறவு யாரால் கெட்டது என்பதற்குப் பெரும்பாலும் மதிப்பே இல்லை. இதை உணராத பெற்றோர், மனுவின் பத்துப் பக்கங்களில் ஒன்பதைத் துணையின் மீதான குற்றச்சாட்டுகளால் நிரப்பிவிட்டு, குழந்தையின் வயதையும் பள்ளியையும் கடைசிப் பத்தியில் சேர்க்கிறார்கள். குடும்ப வன்முறை, போதைப் பழக்கம் போன்றவை இதற்கு விலக்கு. அவை குழந்தையின் பாதுகாப்பைத் தொடுவதால் இரண்டு கேள்விகளுக்கும் பொருந்துபவை, தயங்காமல் தொடக்கத்திலேயே ஆதாரத்துடன் எழுத வேண்டியவை.

அடுத்ததாக, 'கஸ்டடி' என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒற்றை உரிமை அன்று. குழந்தை அன்றாடம் யாருடன் வசிப்பது, பள்ளி, மருத்துவம், சொத்து பற்றிய பெரிய முடிவுகளைச் சட்டப்படியான காப்பாளராக யார் எடுப்பது, உடன் வசிக்காதவர் எப்போது எப்படிச் சந்திப்பது, செலவை யார் எந்த அளவில் ஏற்பது என்ற நான்கும் தனித்தனியே தீர்மானிக்கப்படலாம். குழந்தை தாயிடம் வசிக்க, பெரிய முடிவுகளை இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும் என்று ஆணை வருவது இயல்பானதே. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன், இந்த நான்கில் தமக்கு எது இன்றியமையாதது, எதில் விட்டுக்கொடுக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் 'கஸ்டடி' என்ற சொல்லையே பெற்றோர் வழக்குகளிலிருந்து விலக்கிவிட்டது. குழந்தையை உடைமையாகப் பேசும் மொழி அது என்பதால் எனக்கும் அது சரியென்றே படுகிறது.

நீதிபதி எதை அளவுகோலாகக் கொள்கிறார்? இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (வயதுக்கு வராதவர்), காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையும் அந்த நலனுக்கு முதன்மை தருகிறது. வயதைப் பற்றிய விதிகளும் இதற்கு உட்பட்டவையே. மேற்சொன்ன இந்தியச் சட்டம் ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாயிடம் இருப்பதே நல்லது என்று அனுமானிக்கிறது, ஆனால் அதை ஆதாரம் காட்டி மறுக்கவும் இடம் தருகிறது. ஐந்தாவது பிறந்தநாளன்று குழந்தை தானாகவே தந்தையிடம் வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் சட்டத்தைப் பாதி மட்டுமே படித்தவர்கள்.

நடைமுறையில் வழக்கின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பது இடைக்கால ஏற்பாடுதான். இறுதித் தீர்ப்பு வர மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். அதற்குள் குழந்தை ஒரு வீட்டுக்கும் பள்ளிக்கும் பழகிவிடும். பழகிய சூழலைக் குலைக்க எந்த நீதிபதியும் எளிதில் முன்வருவதில்லை. எனவே, பாதுகாப்புக்கு ஆபத்து இருந்தாலொழிய, குழந்தையை விட்டுவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுவதற்கு முன்னும், 'இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்' என்று வாய்மொழியாக ஒப்புக்கொள்வதற்கு முன்னும், அந்த ஏற்பாடு இரண்டு ஆண்டுகள் நீடித்தால் தம்மால் ஏற்க முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்க முடியாதென்றால், முதல் விசாரணையிலேயே இடைக்கால ஆணை கோரித் தனி மனு தாக்கல் செய்ய வேண்டும்.

ஆதாரம் என்றவுடன் பலரும் துணையின் ரகசியங்களைத் தேடுகிறார்கள். உண்மையில் வலுவான ஆதாரம் சலிப்பூட்டக்கூடியது: தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டுகள், பள்ளிக் கட்டண ரசீது, பெற்றோர் கூட்டத்தில் இட்ட கையொப்பம், குழந்தையை யார் எழுப்பி, ஊட்டி, பாடம் சொல்லிக்கொடுத்து உறங்க வைக்கிறார் என்று தேதியிட்ட குறிப்பேடு. துணைக்கு அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் நீதிபதி வாசிக்கப்போகிறார் என்ற நினைப்புடனேயே எழுத வேண்டும். குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்துப் பேச வைப்பதோ, அதன் பேச்சைப் பதிவு செய்வதோ பெரும்பாலும் செய்தவருக்கே எதிராகத் திரும்பும். குழந்தையின் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தரப்படுகிறது; ஆனால் விருப்பத்தை அறிவது வேறு, தேர்ந்தெடுக்கும் சுமையைக் குழந்தையின் தலையில் ஏற்றுவது வேறு.

சமரச உடன்படிக்கை எழுதும்போது 'வசதிப்படி சந்திக்கலாம்' என்ற வாக்கியத்தைச் சேர்க்க விடாதீர்கள். வசதி கெட்ட நாளில் அதற்குப் பொருளே இருக்காது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே ஒப்படைப்பது, விடுமுறையை எப்படிப் பங்கிடுவது, கடவுச்சீட்டு யாரிடம் இருப்பது, வேறு ஊருக்குக் குடிபெயர எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். குழந்தைக்குரிய பராமரிப்புத் தொகையைப் பெற்றோர் தமக்குள் பேசி அடியோடு விட்டுக்கொடுத்தாலும், அது குழந்தையின் உரிமை என்பதால் அந்தப் பேச்சைப் பல நாட்டு நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. பணம் வரவில்லை என்று சந்திப்பைத் தடுப்பதும், சந்திக்க விடவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் ஒரே வகைத் தவறுகள்; இரண்டுக்கும் நீதிமன்றத்தில் தனித்தனி வழி உண்டு.

நாட்டு எல்லையைக் கடக்கும் குடும்பங்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, மற்றவரின் உரிமையை மீறி வேறு நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட, பதினாறு வயது நிரம்பாத குழந்தையை அது வழக்கமாக வசித்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வழிசெய்கிறது. ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்தால், சில விலக்குகள் தவிர, உடனே திருப்பி அனுப்ப ஆணையிட வேண்டும் என்பதால் தாமதம் கேடு தரும். சிங்கப்பூரும் இலங்கையும் இதில் இணைந்துள்ளன, இந்தியா இணையவில்லை. ஆகவே பயணத்துக்கு முன்பே எழுத்து மூலமான ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ பெற்றுக்கொள்ள வேண்டும்.

குழந்தையைப் பற்றிய ஆணை எதுவும் என்றைக்குமான முடிவு அன்று. வேலை மாற்றம், நோய், மறுமணம், குழந்தை வளர்ந்து தேவைகள் மாறுவது என்று சூழல் கணிசமாக மாறினால் திருத்தம் கோரலாம். அதுவரை, பிடிக்காத ஆணையாக இருந்தாலும், அதன் ஒவ்வொரு வரியையும் பின்பற்றியதற்கான பதிவை வைத்திருப்பவரின் திருத்த மனுவே நம்பிக்கையோடு வாசிக்கப்படும்.