‘பரவாயில்லைம்மா, உனக்குத்தான் தமிழ் நல்லா வருதே’: கணக்கு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் புதிதாக டியூஷன் எடுக்க வரும் இளம் ஆசிரியர்கள், நாங்கள் முன்பு செய்த அதே தவறுகளையே செய்கிறார்கள். அடிப்பதும் கேலி செய்வதும் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே எழுதுவது நல்ல மனதோடு செய்யும் தவறுகளைப் பற்றி.

ஆறுதல் சொல்லிக் கைவிடுவது

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி 1/2 + 1/4 = 2/6 என்று எழுதி நோட்டை நீட்டுகிறாள். தப்பு என்றதும் கண் கலங்குகிறது. டீச்சர் முதுகைத் தட்டி, “பரவாயில்லைம்மா, எல்லாருக்குமா கணக்கு வரும்? உனக்குத்தான் தமிழ் நல்லா வருதே” என்கிறார். அன்பாகச் சொன்ன சொல்தான். ஆனால் பிள்ளைக்குப் புரிவது ஒன்றுதான்: நமக்குக் கணக்கு வராது என்று டீச்சரே முடிவு பண்ணிவிட்டார்.

அதோடு நிற்பதில்லை. அடுத்த வாரம் முதல் அவளுக்குச் சின்னக் கணக்குகள் மட்டும், வீட்டுப்பாடம் பாதி, கரும்பலகைக்குக் கூப்பிடுவதே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பின்னத்துக்குள் x வந்து உட்காரும்போது கைக்கு எதுவும் எட்டாது. பத்தாவது முடிந்ததும் கணக்கு இல்லாத குரூப்பைத் தேடுவாள். ரத்தன், குட், டுவெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட ஆறுதலைக் கேட்பதாகக் கற்பனை செய்த கல்லூரி மாணவர்களுக்கே ஊக்கம் குறைந்தது; இறுதி மதிப்பெண் குறைவாகத்தான் வரும் என்றும் எதிர்பார்த்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை எம்மாத்திரம்? ஒவ்வொரு வருஷமும் இதைப் பார்க்கிறோம், இன்னும் ஆத்திரமாகத்தான் வருகிறது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, தப்பை அவளே பார்க்க வழி பண்ணுவது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மா, குழி என்ற நில அளவுகள் காதில் விழுந்த சொற்கள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. “அரை மா வயலும் கால் மா வயலும் சேர்ந்தா எத்தனை குழி?” 50, 25, ஆக 75. “நீ எழுதின 2/6 மா எத்தனை குழி?” 100ஐ 6ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 33. “ரெண்டு வயலையும் சேர்த்தது, முதல் வயலை விடச் சின்னதாப் போச்சே?” இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், அழுகை நின்றுவிடும்.

அடுத்து 1/2 + 1/5 கொடுங்கள்: 50, 20, ஆக 70 குழி, அதாவது 7/10. 1/3ஐ அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். 100 குழி மூன்றாக முழுசாகப் பிரியாது, மறுபடி குழம்புவாள். முதல் இரண்டும் கைவந்த பிறகு 1/2 + 1/3 வரட்டும். ‘100க்குப் பதிலா எந்த எண்ணை எடுத்தா ரெண்டுக்கும் மூணுக்கும் சரியாப் பிரியும்?’ என்று அப்போது அவளே கேட்பாள். பொதுப் பகுதியின் தேவை அங்கேதான் புரியும்.

முடிக்கும்போது “கெட்டிக்காரி” என்று சொல்ல வேண்டாம். “குழியில போட்டுச் சரிபார்த்தியே, அதை எப்பவும் செய்” என்று, அவள் செய்த வேலையைச் சொல்லுங்கள்.

“சட்டுனு சொல்லு”

பயந்த மனதில் எண்களை வைத்திருக்க இடம் குறைந்துவிடுகிறது. 43 + 25 சொல்லிவிடும் பிள்ளை 47 + 38இல் தடுமாறும். 7ம் 8ம் 15. 5 போட்டு, கையில் வைத்த 1 நழுவிவிடும். அது கவனக்குறைவு என்று திட்டினால் பயம் கூடும், அடுத்த 1ம் நழுவும்.

கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். மூன்று விநாடியாவது காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது. மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அதற்குள் கை தூக்கும் பையனிடம் பதில் வாங்காதீர்கள்.

தண்டனையாக வாய்ப்பாடு

வேண்டவே வேண்டாம்.

“இது ஈஸியான கணக்கு”

வந்தால் பெருமையில்லை, வராவிட்டால் அவமானம். இந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள்.

ராமானுஜனைப் பிறவி மேதையாக மட்டும் காட்டுவது

டிசம்பர் 22 வந்தால் கும்பகோணத்தில் விழா எடுக்காத பள்ளி குறைவு. ‘தெய்வ வரம்’ என்று மட்டும் பேசினால், வரம் வாங்காத பிள்ளை தனக்கு இதில் வேலையில்லை என்று எழுந்துபோய்விடும். தேற்றங்கள் ஆயிரக்கணக்கில் அடங்கிய ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதிய பையனைச் சொல்லுங்கள். 1904இல் இதே ஊர்க் கல்லூரியில் சேர்ந்து, மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்ததையும் சொல்லுங்கள்.

பெற்றோர் பேச்சுக்குத் தலையாட்டுவது

“எனக்கும் கணக்கு வராது சார், இவளும் என்னை மாதிரிதான்” என்று அம்மா பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வார். சிரித்து வைக்காதீர்கள். “நகையை ஐம்பதாயிரத்துக்கு வச்சா, மாசம் நூத்துக்கு ரெண்டு வட்டி, எட்டு மாசத்துக்கு எவ்வளவும்மா?” என்று கேளுங்கள். நீங்கள் பேனாவை எடுப்பதற்குள் “எட்டாயிரம்” என்பார். “எப்படிப் போட்டீங்க?” என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பிள்ளையைப் பக்கத்திலேயே நிற்க வையுங்கள்.